கேள்வி-பதில்: ஈர மணலில் கத்தும் மெஷின்

மண்டபம்: எக்வினாக்ஸ் 800 என்ற மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள் உலோகம் தேடும் மெஷின்) வாங்கினேன். காய்ந்த மணலில் சாதுவாக இருக்கிறது. அலை வந்து போகும் இடத்தில் காயிலை (தண்டின் நுனியில் இருக்கும் வட்டத் தகட்டை) வைத்தால் ஓயாமல் கத்துகிறது. சென்சிடிவிட்டி 25-ல்தான் இருக்கிறது. பழுதா?

அந்த 25-தான் பழுது. உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். மெஷினுக்கு ஈர மணல் முழுக்க மெல்லிய உலோகத் தகடு விரித்த மாதிரி தெரியும். அதில் நீங்கள் உச்சத்தில் வைத்துக் கேட்டால் கத்தாமல் என்ன செய்யும்?

பார்க் மோடில் இருந்தால் பீச் மோடுக்கு மாறுங்கள். ஈர மணலுக்குப் பீச் 1, அலைக்குள் இறங்கினால் பீச் 2. ஒரே அலைவரிசையில் ஓட்டினால் உப்பைப் பிரிக்க முடியாது. பல அலைவரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் ‘மல்ட்டி’ எனும் பல அலைவரிசை முறைக்கு அது முடிகிறது. காயிலை அசைக்காமல் பிடித்து நாய்ஸ் கேன்சல் (அக்கம்பக்க மின் இரைச்சலைத் தவிர்க்கும் செட்டிங்) கொடுங்கள். பிறகு உலோகம் இல்லாத மணல் மேல் காயிலை ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தைக் கழிப்பது) செய்யுங்கள். சென்சிடிவிட்டியைக் கடைசியில் தொடுங்கள். கம்பெனியே 20-ல்தான் வைத்து அனுப்புகிறது. அங்கிருந்து, கத்தல் அடங்கும்வரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். 17-ல் அமைதியாக ஓடும் மெஷினில் கேட்கிற மோதிரம், 25-ல் கத்துகிற மெஷினில் கேட்காது.

ராமேஸ்வரம்: லாட்ஜ் நடத்துகிறேன். அக்னி தீர்த்தத்தில் மோதிரம், தாலி தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள். உதவலாமென்று ஒரு மெஷின் பார்த்தேன். தங்கத்துக்கு மட்டும் கத்துகிற செட்டிங் இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.

இல்லை. எந்த விலையிலும் இல்லை. இதை ஊர் ஊராய்ச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை.

காயில் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அடியில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. திரும்பி வருவதை வைத்து மெஷின் ஓர் எண் காட்டுகிறது. அந்த எண்ணில் உலோகம் எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதோடு அதன் அளவு, வடிவம், கனம் எல்லாம் கலந்திருக்கும். மெல்லிய தங்க மோதிரம், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், கூல்டிரிங்ஸ் டின்னின் வளையம் மூன்றுக்கும் எண்கள் அக்கம்பக்கத்தில்தான் வரும். குப்பை வேண்டாமென்று டிஸ்கிரிமினேஷனில் அந்த எண்களை அடைத்தால், மோதிரமும் சேர்ந்து ஊமையாகிவிடும். அதே அளவு, அதே கனத்தில் வெள்ளி மோதிரமானால் எண் இன்னும் மேலே நிற்கும். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம்: ஒவ்வொரு கண்ணியையும் மெஷின் தனித்தனிப் பொடியாகப் பார்ப்பதால், கொக்கியோ தாலிப்பொட்டோ சிக்கினால்தான் சத்தமே வரும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து நாணயத்துக்கு எண் மனப்பாடம் செய்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் காசு வேறு, நம் காசு வேறு. 1992 முதல் வந்த ஒரு ரூபாயில் பெரும்பகுதி காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. மெஷின் அதை இரும்போடு சேர்த்துச் சந்தேகப்படும். பக்தர்கள் காசு வீசுகிற கரையில் இது பெரிய தலைவலி.

திரையில் தங்கக்கட்டி படம் போட்ட மெஷின் ஒன்று என் வீட்டுப் பரண் மேல் கிடக்கிறது. அது ‘தங்கம்’ என்று சத்தியம் செய்த முதல் பொருள் இருமல் மாத்திரை அட்டை. விற்றவர் பணம் தரவில்லை.

நீங்கள் வாங்குவதானால் மல்ட்டி உள்ளதாக வாங்குங்கள். தாள் எண்களை அடைக்காதீர்கள். தோண்டுங்கள், குப்பையைப் பையில் போடுங்கள். உங்கள் தீர்த்தக்கரையும் சுத்தமாகும்.

அழகன்குளத்தில் ரோமானியக் காசு எடுத்தார்களாமே? ரெகவரி ஸ்பீடு (ஒரு பொருளைக் கேட்டதும் அடுத்ததுக்கு மெஷின் தயாராகும் வேகம்) எவ்வளவு வைக்கலாம்? – ராமநாதபுரம்

மெஷினை வீட்டில் வையுங்கள். எடுத்தது தொல்லியல் துறை, அகழாய்வு செய்து. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமென்றாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

கீழக்கரை: மச்சான் துபாயிலிருந்து டியூஸ் 2 டிடெக்டர் கொண்டு வந்தார். 20 மீட்டர் வரை தண்ணீர் புகாதாம். இடுப்பளவுத் தண்ணீரில் காயிலை இறக்கியதுமே சத்தம் போய்விட்டது.

தண்ணீர் புகாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள், வயர்லெஸ் போகும் என்று எழுதவில்லை. காயிலிலிருந்து கையில் இருக்கும் ரிமோட்டுக்கு வயர் இல்லாமல் போகும் அந்த சிக்னலைக் கடல் நீர் விழுங்கிவிடும். காயிலிலிருந்து ரிமோட் வரை தண்டோடு இழுக்கிற ஆன்டெனா வயர் என்று ஒன்று உண்டு. பெட்டியில் பாருங்கள், இல்லையென்றால் வாங்குங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று மச்சானை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். தீவுப் பக்கம் போகவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

பாம்பன்: வல்லம் இழுத்துப் போட்ட கரையில் ஆணிச் சத்தம் தாங்கவில்லை. எக்வினாக்ஸ் 800-தான். மேனுவல் படிக்க நேரமில்லை. ரெகவரி ஸ்பீடு நம்பர் மட்டும் சொல்லவும்.

6. ஏன் 6 என்பது மேனுவலில் இருக்கிறது.

சரி, கோபப்பட வேண்டாம். அதைக் கூட்டினால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மோதிரம் தனியாகக் கேட்கும், ஆழம் குறையும். துருப்பிடித்த பெரிய இரும்பு நல்ல உலோகம் போல் ஏமாற்றினால் அயர்ன் பயஸை (சந்தேகமானதை இரும்பென்று தள்ளும் செட்டிங்கை) கொஞ்சம் ஏற்றுங்கள். நிறைய ஏற்றினால் இரும்பை ஒட்டிக் கிடக்கும் நல்லதும் போய்விடும். இனி மேனுவல்.

முதுகுளத்தூர்: ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று, இரண்டு ஆன்டெனா கம்பி வைத்த கருவிக்கு 85,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். கம்பி காற்றுக்கு ஆடுகிறது. அவர் போன் எடுப்பதில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதலில் வீட்டில் சொல்லுங்கள் ஐயா. இதே வித்தையில் அரசாங்கங்களே விழுந்திருக்கின்றன. ஏடிஇ 651 என்று ஆன்டெனா குச்சி வைத்த வெற்றுக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. அந்தக் கருவி பிறந்ததே, கோல்ஃப் பந்து தேடுவதாகச் சொல்லி விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து. உங்கள் கையில் இருப்பதில் எந்த செட்டிங்கும் இல்லை, திருகிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்றே 1930-க்குப் பேசி இணைய மோசடிப் புகார் கொடுங்கள்; தாமதமாகத் தாமதமாகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். 1915 நுகர்வோர் உதவி எண். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, அவர் பேசிய வாட்ஸ்அப், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் மேல் ஒட்டிய அனுப்புநர் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். ‘கருவியைத் திருப்பி அனுப்பு, பணம் தருகிறேன்’ என்று அவர் திடீரென்று கூப்பிட்டால், பணம் வரும் முன் அனுப்பாதீர்கள்.