ரிச்சி எவன்ஸும் மாடிஃபைடு பந்தயமும்: கேள்வி பதில்

கேள்வி: பிராந்தியப் பந்தயத்திலேயே இருந்த ரிச்சி எவன்ஸை, அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மன்றத்தில்) சேர்த்திருக்கிறார்களே, அப்படி என்ன சாதித்தார் சார்?

மாடிஃபைடு என்பது பந்தயத்துக்காக மாற்றியமைத்த கார்கள் ஓடும் பிரிவு. அதில் ஒன்பது தேசியப் பட்டங்கள். 1973-ல் ஒன்று, பிறகு 1978 முதல் 1985 வரை இடைவிடாமல் எட்டு. நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரம் அவருடையது. அதே ஊர்க்காரர் ஜெர்ரி குக் 1971, 1972, 1974 முதல் 1977 வரை என ஆறு பட்டங்கள் வாங்கினார். ஆக, 15 ஆண்டுகள் பட்டம் அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை. மாடிஃபைடைச் சின்னப் பிரிவு என்று நினைத்துவிடாதீர்கள். நாஸ்கார் 1948-ல் முதலில் நடத்தியதே இந்தப் பந்தயத்தைத்தான்.

கேள்வி: எடுத்த எடுப்பிலேயே மாடிஃபைடு ஓட்டினாரா?

இல்லை. 16 வயதில் பண்ணையை விட்டு ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) ஓட்டிவிட்டு, 1962-ல் 1954 மாடல் ஃபோர்டு ஒன்றை ஹாபி ஸ்டாக் என்ற தொடக்க நிலைப் பிரிவில் இறக்கினார். மாடிஃபைடுக்கு வந்தது 1965-ல். கார் எங்கே உடையும் என்பதை ஸ்பானர் பிடித்துக் கற்றவர் அவர்.

கேள்வி: 1979-ல் 60 பந்தயத்தில் 37 வெற்றியாமே! ஒரு வருடத்தில் அத்தனை பந்தயம் எப்படி?

வெற்றி 37, முதல் ஐந்து இடங்களுக்குள் 54. அந்தக் காலத்தில் பல ஊர்த் தடங்களில் நடக்கும் பந்தயங்களிலிருந்து பட்டத்துக்கான புள்ளிகள் சேரும். வாரத்தில் பல இரவுகள் தடம் தடமாக ஓட வேண்டும். நிலையான பந்தயப் பட்டியலோடு மாடிஃபைடு டூர் என்ற தொடர் தொடங்கியது 1985-ல்தான். அதன் முதல் பட்டமும் அவருக்கே.

கேள்வி: தடத்துக்குத் தடம் காரில் எதை மாற்றுவார்கள் அண்ணா? ஸ்டாகர் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

பின் அச்சு பூட்டியிருப்பதால் இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். இடப்பக்கமே திரும்பும் தடத்தில் வலச் சக்கரம் கூடுதல் தூரம் போயாக வேண்டும். அதனால் வல டயரின் சுற்றளவைப் பெரிதாக வைக்கிறோம். அந்த வித்தியாசம்தான் ஸ்டாகர்.

பின் சக்கர இடைவெளி 60 அங்குலம், வளைவின் ஆரம் 150 அடி, அதாவது 1,800 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ஐ 1,800-ஆல் வகுத்தால் சுமார் 3.3 சதவீதம். டயர் சுற்றளவு 80 அங்குலம் என்றால் ஸ்டாகர் ஏறக்குறைய 2.7 அங்குலம். இது தொடக்கக் கணக்குதான், மீதியைத் தடம் சொல்லும். குறைந்தால் வளைவின் நடுவில் மூக்கு திரும்பாமல் வெளியே தள்ளும். கூடினால் நேர்பாதையில் கார் இடப்பக்கம் இழுக்கும், டயர் உரசிச் சூடேறும்.

பலர் தவறுவது டேப் பிடிக்கும் நேரத்தில். குளிர்ந்த டயரில் மட்டும் அளப்பார்கள். சூட்டில் காற்றழுத்தம் ஏறி வல டயர் இன்னும் பெருக்கும், ஸ்டாகர் மாறிவிடும். ஓடி வந்த உடனே, டயர் சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்து எழுதுங்கள்.

கேள்வி: ஸ்டாகர் சரியாக இருந்தும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வால் வெளியே போகிறதே?

கிராஸ் வெயிட்டைப் பாருங்கள். வல முன், இடப் பின் சக்கர எடைகளைக் கூட்டி மொத்த எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 560-ம் 740-ம் சேர்ந்து 1,300. மொத்தம் 2,600 பவுண்டு என்றால் 50 சதவீதம். இடப் பின் ஸ்பிரிங்கை அழுத்தும் ஜாக் ஸ்குரூவை இறுக்கினால் இது ஏறும், வாலும் அடங்கும். ஒரு சுற்று இறுக்கி நான்கு சக்கரத்தையும் திரும்ப எடை போடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், பெட்ரோல், டயர் காற்று எல்லாம் பந்தய அளவில் இருக்க வேண்டும். ஆளில்லாமல் எடுத்த எடை ஒன்றுக்கும் உதவாது.

கேள்வி: ரிச்சி எவன்ஸ் இறந்தது பந்தயத்திலா?

பயிற்சி ஓட்டத்தில். 1985 அக்டோபர் 24, வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில். 0.526 மைல் நீளமே உள்ள தடம் அது. அந்த ஆண்டின் பட்டம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. அவருடைய 61-ம் எண்ணை நாஸ்கார் மாடிஃபைடு டூரில் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.