மண் வீட்டில் குளிர்ச்சி

கேள்வி: பாலைவனத்தில் ஏ.சி. இல்லாமல் மண் வீட்டில் வாழ முடியும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக. பகல் வெயில் கனமான மண் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவுக் குளிரில் சுவர் மீண்டும் ஆறிவிடும். (இரவிலும் புழுங்கும் சென்னையில் இந்தக் கணக்கு செல்லாது.)

எகிப்தில் லக்சர் நகருக்கு நைல் நதியின் எதிர்க்கரையில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் மண்ணால் கட்டிய புது குர்னா கிராமத்தைப் பாருங்கள். கூரைக்கு மரம் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் எகிப்தின் தெற்கிலுள்ள நூபியப் பகுதிக் கொத்தனார்களை வரவழைத்தார். சென்ட்ரிங் பலகையே இல்லாமல், பின்சுவரில் சுடாத பச்சைச் செங்கல் வரிசைகளைச் சாய்த்துச் சாய்த்து ஒட்டியே வளைகூரையை முடித்தார்கள். அந்தக் கல்லில் வைக்கோல் கூடுதல். எடை குறைவு, அதனால் வழுக்கி விழாது. கொத்தனார் மூளை என்றால் இதுதான்!

ஆனால் அந்தக் கிராமம் நிரம்பவில்லை. பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்தவர்களை அங்கிருந்து கிளப்பத்தான் அரசு அதைக் கட்டச் சொன்னது. பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். அதற்காக மண்ணைக் குறை சொல்லாதீர்கள். வேண்டாம் என்றவர்களுக்கு வீடு கட்டினால் பளிங்கு மாளிகையும் காலியாகத்தான் கிடக்கும்.