சென்னைக்கு ஒரு வார இறுதி மட்டும் வருகிறேன். மினியேச்சர் போர் விளையாட்டுக்கு வீரர்கள், மரங்கள், மேசைப் பொருட்கள் மலிவாக எங்கே கிடைக்கும்? நல்ல ஹாபி கடை எது?

ஹாபி கடையைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே போனால் காசுதான் போகும். மலிவாக வேண்டும் என்றால், வேறு எதற்கோ விற்கிற பொருளைப் போர்க்களமாகப் பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண் எனக்கு 44 வயதில்தான் திறந்தது, அதுவும் பணம் கையைக் கடித்த பிறகு.

நீங்களும் என்னைப் போல வெளியூராகத்தான் இருக்க வேண்டும். ஏதோ விசேஷத்தைச் சாக்காக வைத்து வருகிறீர்கள், வீட்டில் முழு விவரம் சொல்லவில்லை. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

கமெண்ட்டில் வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன வீரர் பொம்மைகளை மேசையில் நிறுத்திப் பழைய சண்டைகளை ஆடிப் பார்க்கும் இது, சின்னப்பிள்ளை விளையாட்டு இல்லை. பிரஷ்ய ராணுவம் 1824-லேயே வரைபடமும் பகடையும் வைத்து அதிகாரிகளுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுத்தது. நான் போரை ஆதரிக்கிறவனும் இல்லை, எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சி அடிப்பதே என் மனைவிதான். "இந்த வயசுல பொம்மையா" என்று என்னைக் கேட்ட என் அத்தை, நவராத்திரிக்கு ஒன்பது படி கட்டி அதில் கிரிக்கெட் செட் வைக்கிறவர். பதினொரு பேர், ரெண்டு அம்பயர், ஸ்டம்ப் உட்பட. அது பண்பாடாம், என்னுடையது பைத்தியமாம்.

கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷம் முன்னால் இங்கிலாந்திலிருந்து இருபது ஈய வீரர்களை வரவழைத்தேன். பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது 2020-ல் 60 ஆகி, 2023-ல் 70 ஆனது தெரியும். இருந்தும் துணிந்தேன். வரியும், கூரியர்காரர்கள் 'கையாளும் கட்டணம்' என்று போட்டதும் சேர்ந்து பொம்மை விலையைத் தாண்டியது. பெட்டியைத் திறந்தால் நாலு பேருக்குக் கால் உடைந்திருந்தது. எதைக் கையாண்டார்களோ. அன்றோடு வெளிநாட்டு ஆர்டரை விட்டேன்.

அப்போதுதான் பெரம்பூரில் பெரியப்பா பேத்திக்கு வளைகாப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம், வெள்ளி இரவு திருச்சியில் ரயில் ஏறினேன். சனிக்கிழமை முழுக்க என்னுடையது.

எனக்கு அடையாறு சண்டையை மேசையில் ஆட வேண்டும். சென்னைக்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாத சண்டை. 1746 அக்டோபரில் ஆற்காடு நவாப் அன்வாருதீனின் மகன் மாபூஸ்கான், சுமார் பத்தாயிரம் பேரோடு அடையாற்றின் வடகரையில் நிற்கிறார். புதுச்சேரியிலிருந்து பாரடி என்ற பிரெஞ்சுப் படைத் தளபதி ஆயிரம் பேர் சொச்சத்தோடு வருகிறார், அதில் முக்கால்வாசி நம்மூர்ச் சிப்பாய்கள். ஆற்றில் இறங்கி நடந்து, வரிசையாகச் சுட்டு, பயனெட்டோடு பாய்ந்ததும் பெரும்படை சாந்தோம் பக்கம் கலைந்து ஓடியது. ஒரு பொம்மைக்கு ஐம்பது பேர் என்று கணக்கு வைத்தால் பிரெஞ்சுப் பக்கம் இருபது, நவாப் பக்கம் இருநூறு. இருநூறுக்கு எங்கே போவது?

முதலில் மூர் மார்க்கெட். பழைய சிவப்புக் கட்டிடம் 1985-ல் எரிந்துபோனது, அந்த இடத்தில்தான் இப்போது சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்துவிட்டன. பழைய புத்தகம், பொம்மை, பிளாஸ்டிக் சாமான். ஒரு கடை வாசலில் அட்டைப்பெட்டி நிறைய உடைந்த கார், கையில்லாத பார்பி. அடியில் ரப்பர் பேண்ட் போட்ட பாலிதீன் பையில் விரல்கணு உயரத்துக்குச் சாம்பல் நிற வீரர்கள். மூன்று மூலைத் தொப்பி, நீள கோட்டு, மடித்துத் திணித்த பெட்டி மூடியில் 'ஏர்ஃபிக்ஸ்' என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனியின் எழுத்து. 1/72 அளவில், அதாவது நிஜ ஆளின் உயரத்தில் 72-ல் ஒரு பங்காக, வந்த வாஷிங்டன் படை. என் நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது. ஆசையைக் காட்டினால் விலை ஏறும், அதனால் பக்கத்திலிருந்த லாரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா சார், பேரனுக்கா?"

பேரனுக்காம்! "பையனுக்கு" என்றேன். எனக்கு இருப்பது ஒரே மகள்.

"லாரி இருக்கட்டும், இந்தப் பை எவ்ளோ?"

"முந்நூறு குடு."

"துப்பாக்கி உடைஞ்சவனெல்லாம் இருக்கானே."

"துப்பாக்கி இல்லாட்டி இன்னா, பையன் சுடவா போறான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பேசிப் பேசி 150-க்கு வந்தது. கொசுறாக ஒரு பிளாஸ்டிக் யானையையும் போட்டார். எண்ணிப் பார்த்தேன், 38 பேர். அமெரிக்க விடுதலைப் போருக்கும் அடையாறுக்கும் முப்பது வருஷ வித்தியாசம், கோட்டு வெட்டு அதுவல்ல என்று எழுதப்போகிற பட்டன் எண்ணும் பெருமக்களே, எனக்கும் தெரியும். ரெண்டடி தள்ளி நின்று பாருங்கள். வேண்டிய ஆட்களுக்குத் தொப்பியைச் சீவிவிட்டு எம்-சீலில் தலைப்பாகை கட்டிவிட்டேன், சிப்பாய்கள் தயார். அதற்கென்று விற்கிற பச்சைப் புட்டி விலையில் பத்து எம்-சீல் வாங்கலாம். இந்த வகை மெத்துப் பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபெவிகாலை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்த பிறகே பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் செதில் செதிலாக உரியும்.

மத்தியானம் பாரிமுனை. ஹைகோர்ட் மதில் ஓரமாக நடந்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்ட குண்டு விழுந்ததற்கு அங்கே ஒரு கல்வெட்டு உண்டு, பார்க்கக் காசில்லை. உள்தெருக்களில் கேக் அலங்காரச் சாமான் விற்கிற கடையில் பிளாஸ்டிக் தென்னை மரம், டஜன் 60 ரூபாய். இதையே மாடல் மரம் என்று பேர் போட்டால் ஒரு மரம் அந்த விலை. தையல் சாமான் கடையில் உருண்டைத் தலைக் குண்டூசி ஒரு பெட்டி 40 ரூபாய். அதுதான் என் நவாப் படை. தெர்மாகோல் துண்டில் நெருக்கமாகக் குத்தி, தலைக்குத் தலை வேறு வேறு நிறம் அடித்தால் தலைப்பாகைக் கூட்டம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், இருநூறு பேருக்கு நாற்பது ரூபாய். பிளாட்பாரத்தில் 120-க்கு ஒரு தேங்காய் நார் மிதியடி வாங்கினேன். அதைச் சதுரம் சதுரமாக வெட்டி நிறம் தட்டினால் விளைந்த வயல்.

தங்கியது பெரியப்பா மகன் வீட்டில். இவனைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடியாது. நான் கல்லூரிக்குப் போன வருஷம், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய என் காமிக்ஸைப் "படிச்சிட்டுத் தரேன்டா" என்று எடுத்துப் போனான். மொட்டைமாடியில் வைத்து மழையில் நனைத்து, எடைக்குப் போட்டுவிட்டான். அதையெல்லாம் இன்று என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று மூர் மார்க்கெட்டில் பார்த்துவிட்டு வந்த வயிற்றெரிச்சல் வேறு. என் பையைப் பார்த்து, "என்னடா, மிதியடி வாங்கவா மெட்ராஸ் வந்தே?" என்கிறான். பெரியம்மா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மாதான் அந்தப் பயணத்தின் நல்ல வேட்டைக்குக் காரணம். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருபத்தைந்து காசு வைத்திருந்தார், "யாரும் வாங்க மாட்டேங்கிறாங்கப்பா" என்று. 2011-லேயே செல்லாமல் போனது. காண்டாமிருகம் போட்ட எவர்சில்வர் காசு, 19 மில்லிமீட்டர், 1/72 வீரனுக்கு அளவெடுத்தாற்போல அடித்தட்டு, சாயாமல் நிற்கக் கனமும் உண்டு. "எனக்குத் தாங்க பெரியம்மா" என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, பாட்டிலைக் கழுவித் திருப்பித் தரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமையை நம்பி வராதீர்கள். பாரிமுனையில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். வளைகாப்பு முடிந்து ஐந்து வகைச் சாதத்தோடு ஓடிப்போய், ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். குடிசை, கிணறு, ஆலமரம் வேண்டுமென்றால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகளில் கிராமத்துச் செட் பாருங்கள். ஆனால் நவராத்திரிக்கு முன்னால் போகாதீர்கள், சரஸ்வதி பூஜை தாண்டிப் போனால் மிச்சத்தைக் கட்டும் அவசரத்தில் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். கையோடு ஒரு வீரனைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து வாங்குங்கள். நான் கண்ணளவில் வாங்கிய கிணற்றில் யானையே இறங்கிக் குளிக்கலாம்.

எல்லாம் சேர்த்து 470 ரூபாய்தான் ஆனது, கிணற்றுக்குக் கொடுத்த நூறு உட்பட. ஆட்டோவைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் நீங்கள் வரவே மாட்டீர்கள்.

மூன்று முறை ஆடிவிட்டோம். கொசுறு யானைமேல் மாபூஸ்கானை ஏற்றி நவாப் பக்கம் ஆடுவது என் மகள். சரித்திரத்தில் தோற்றவர் அவர். அவளோ ஆற்றில் இறங்கும்போதே என் ஆட்களைப் பீரங்கியால் அடித்து ரெண்டு முறை ஜெயித்துவிட்டாள்.