கொள்ளி வைக்காத மகன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

திருநெல்வேலியில் பிறந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்த நான், தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் அறிந்த வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்த்து விரைவாகக் குடியுரிமை வழங்கிய ‘மாவ்னி’ திட்டத்தின் வழியாகப் படையில் சேர்ந்தேன். தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில் பத்து வார அடிப்படைப் பயிற்சி முடிந்தபோதே குடியுரிமைச் சான்றிதழும் கைக்கு வந்தது. 2011-இல் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது (தமிழுக்காக எடுத்தவர்கள் அங்கே என்னைத் தமிழில் ஒரு சொல்லும் பேச வைக்கவில்லை) அப்பா மாரடைப்பால் காலமானார். நான்காம் நாள் நான் ஊர் போய்ச் சேர்வதற்குள், தலைமகனான எனக்குப் பதிலாகத் தம்பி கொள்ளி வைத்து, சாம்பலையும் தாமிரபரணியில் கரைத்துவிட்டிருந்தான். “எவன் நாட்டுக்கோ உழைக்கப் போய் அப்பன் முகத்தைப் பார்க்காமல் விட்டாயே” என்றார் சித்தப்பா.

இப்போது உறக்கமில்லை, லாரி ஓசை கேட்டால் உடல் விறைக்கிறது, மனைவியிடம் எரிந்து விழுகிறேன். யாரேனும் கைகுலுக்கி “உங்கள் சேவைக்கு நன்றி” என்றால் கூசிப்போகிறேன். குடியுரிமைக்காகச் சேர்ந்தவன்தானே நான்?

— ஒரு முன்னாள் படைவீரர்

அன்புள்ள நண்பருக்கு,

உறக்கமின்மையும், ஓசைக்கு உடல் விறைப்பதும், அடக்க முடியாத சினமும், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்ற, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகளோடு ஒத்திருக்கின்றன. நேரில் பாராமல் உறுதி சொல்லலாகாது; ஆனால் இது சிகிச்சையால் தணியக்கூடியது. போர்முனையில் பணியாற்றியவர்களுக்காக 1979-இல் தொடங்கப்பட்ட ‘வெட் சென்டர்’ நிலையங்களில் குடும்பத்தாருக்கும் கட்டணமின்றி ஆலோசனை தருகிறார்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், அந்த நொடியே அமெரிக்காவின் நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து, முன்னாள் படைவீரர்களுக்கான 1-ஐ அழுத்துங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தங்கள் கூச்சம்தான். குடியுரிமைக்காகச் சேர்ந்ததைத் திருட்டை ஒப்புக்கொள்பவர்போல எழுதியிருக்கிறீர்கள். அது அந்த நாடே முன்வைத்த ஒப்பந்தம். நம் ஊர்ப் பிள்ளைகளும் சம்பளத்தை எண்ணித்தான் இந்திய ராணுவத்தில் சேர்கிறார்கள். அதற்காக அவர்கள் பட்ட காயத்தை யாரும் குறைத்து மதிப்பதில்லை. காந்தகார்ச் சாலையில் புதைத்திருந்த வெடி, எதற்காகச் சேர்ந்தாய் என்று தங்களைக் கேட்டிருக்காது. அந்நியர் நன்றி சொல்லும்போதெல்லாம் தங்கள் காதில் விழுவது சித்தப்பாவின் குரல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அப்பா என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. தாங்கள் படையில் சேர்ந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? கடைசியாகத் தொலைபேசியில் என்ன பேசினார்? அந்த நாளை ஆதியோடந்தமாகச் சொல்லும்படி தம்பியிடம் கேளுங்கள். தங்களுக்குரிய கடமையைத் தான் செய்ய நேர்ந்ததை அவரும் இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் பேசாமல் இருந்திருக்கக்கூடும். நம்பிக்கை இருந்தால், வரும் ஆடி அமாவாசைக்கு இருவரும் சேர்ந்தே ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் கொடுங்கள். சித்தப்பாவுக்குப் பதில் சொல்வதை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.