கன்னியாகுமரி மரப்பரப்பு இழப்பு: இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை

நண்பரே, செயற்கைக்கோள் படங்களை வைத்து மரப்பரப்பைக் கணக்கிடும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இணையதளம் கன்னியாகுமரியில் ஆண்டுதோறும் மரப்பரப்பு இழப்பு காட்டுகிறது, மத்திய அரசின் இந்திய வன ஆய்வு நிறுவன அறிக்கையில் அப்படித் தெரியவில்லை, புராஜெக்ட்டில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் பொய்யில்லை, அளப்பதுதான் வேறு.

எங்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்துக்கு இருபத்தைந்து, முப்பது வயதானால் பால் குறைந்துவிடும். தோட்டத்தை மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டு, அடுத்த மழைக்குக் கன்று வைப்பார்கள். செயற்கைக்கோளுக்கு அது இழப்புதான். 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரம் போனால் காடா தோட்டமா என்று பார்க்காமல் குறித்துவிடும். ஒக்கி புயலில் சாய்ந்த மரங்களும் அப்படியே. திரும்ப வளர்வதை அந்த எண்ணில் கழிப்பதில்லை. வன ஆய்வு நிறுவனமோ, 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரநிழல் இருந்தால் ரப்பர் தோட்டத்தையும் காட்டுப்பரப்பு என்றே சேர்க்கும். அதிலும் கடைசியில் மிஞ்சும் நிகரப் பரப்பைத்தான் சொல்லும்.

குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தரும் கார்பன் எண்ணிலும் இதே சிக்கல். அது மரம் போவதால் வெளியாகும் மொத்த உமிழ்வு, எதையும் கழிக்காதது. இளங்கன்று உறிஞ்சுவது தனிக் கணக்கு.

அப்புறம், அந்தத் தளத்தின் இழப்பு எண்களில் 2015-க்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை நேராக ஒப்பிடாதீர்கள். இடையில் கண்டுபிடிக்கும் முறையை மாற்றிவிட்டார்கள். மூன்றாண்டுச் சராசரி போடுங்கள். முடிந்தால் வரைபடத்தில் காப்புக்காடுகளைத் தனியாகவும் பட்டா நிலத்தைத் தனியாகவும் வெட்டி எடுத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.