ஓடையைக் கடக்க டிராக்டர் வழி: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையடி நிலங்களில் முப்பது ஆண்டுகள் மண்வளப் பாதுகாப்பு வேலை பார்த்தவன் நான். நிலத்துக்குள் ஓடும் ஓடையைக் கடக்கும் சிறுபாலம் பற்றி மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். ஓடையின் அகலத்தையும் ஆழத்தையும் வெள்ளம் ஏறிய உயரத்தையும் அளந்து எழுதுங்கள். அவை இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

பாலக்கோட்டிலிருந்து: ஐயா, தக்காளித் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் டிராக்டர் இறங்க முடியவில்லை. ஓடை மேலே ஐந்தடி, அடியில் மூன்றடி அகலம். இரண்டடி உயரத்தில் உண்ணிச்செடிகளில் சருகு சிக்கியிருக்கிறது. ஓடையில் குழாய் பதித்து மேலே மண் போட்டுப் பாதை அமைக்க, எந்த அளவுக் குழாய் போடுவது?

சருகு சிக்கிய உயரத்தைப் பார்த்து எழுதினீர்கள். வேலையில் பாதி முடிந்துவிட்டது. ஐந்தும் மூன்றும் எட்டு, அதில் பாதி நான்கு, இரண்டடி உயரத்தால் பெருக்கினால் எட்டுச் சதுர அடி. அன்றைய வெள்ளம் கேட்ட வாசல் அவ்வளவு. இரண்டடிக் குழாயின் வாய் மூன்று சதுர அடிக்குச் சற்றே அதிகம். மூன்றடிக் குழாயின் வாய் ஏழு சதுர அடி. ஆகவே உங்களுக்கு மூன்றடிக் குழாய் ஒன்று வேண்டும், மிச்ச நீர் போக வேறு வழியும் வேண்டும். அந்த வழி பாதையின் மேலேதான். பாலத்தின் மேல் மண்ணை மேடாக நிரப்பாமல், குழாய்க்குப் பத்தடி தள்ளிப் பாதையை ஓரடி தாழ்த்தி, அந்த இடத்துக்கு மட்டும் கல் பரப்பிச் சிமெண்ட் பூசிவிடுங்கள். குழாய் நிறைந்த பிறகு வரும் நீர் அங்கே வழிந்து, பாலத்தை விட்டு விலகிப் போய் ஓடையில் சேரும்.

சென்ற ஆண்டின் தடத்தை மட்டும் நம்பவும் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து வந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் பக்கத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அப்படிப்பட்ட நாளைத் தாங்கும் குழாயை எந்த உழவராலும் வாங்க முடியாது. வாங்கவும் வேண்டாம், மேலே வழிய இடம் விட்டால் போதும்.

கம்பி கட்டிய காங்கிரீட் குழாயில் என்பி-3 என்னும் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். என்பி-2 பாரவண்டிக்கு ஆகாது. ஒரு குழாய் இரண்டரை மீட்டர் நீளம் வரும். மூன்று குழாய்கள் சேர்த்தால் ஏறத்தாழ இருபத்தைந்து அடி. குழாயின் தலைக்கு மேல் இரண்டடி மண் இருக்க வேண்டும். பாறைமீது நேராக வைக்காமல் அரையடி கிராவல் பரப்பி அதன்மேல் உட்காரவைத்து, இரு பக்கமும் அரையடி அரையடியாக மண் போட்டு இடித்துவிட வேண்டும். ஜேசிபி வைத்து ஒரே தள்ளாகத் தள்ளிய மண் முதல் மழையில் குழாயை ஒட்டியே அரித்துக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாசி, பங்குனியில் வேலையை முடித்துவிடுங்கள். சித்திரையில் கோடை மழை வந்துவிடும்.

பர்கூரிலிருந்து: கையில் ஓரடிக் குழாய்கள் நான்கு உள்ளன. அவற்றை வரிசையாகப் போட்டால் போதாதா?

நான்கு ஓரடிக் குழாய்களின் வாயைச் சேர்த்தால் ஒரே ஒரு இரண்டடிக் குழாய்க்குத்தான் சமம். நீர் உரசும் சுவரோ இரண்டு மடங்கு என்பதால், ஓட்டம் அதற்கும் குறையும். ஒரு தென்னை மட்டை வந்தால் நான்கும் அடைபடும். அவற்றை வயலின் வடிகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: எத்தனை அங்குலக் குழாய் போடலாம்?

முதல் பதிலில் உள்ளபடி ஓடையை அளந்து எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: தோட்டத்து எல்லையில் யானைத் தடுப்பு அகழி வெட்டியிருக்கிறார்கள். அதன் குறுக்கே குழாய் வைத்து மண் நிரப்பலாமா?

கூடாது. நீங்கள் கடக்கும் இடத்தில் யானையும் கடக்கும். வனச்சரக அலுவலகத்தில் பேசுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: போன ஆண்டு போட்ட குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீர் வெளியேறும் பக்கம் நாலடிக் குழி விழுந்து, கடைசிக் குழாய் அந்தரத்தில் நிற்கிறது.

இந்தக் கேள்வியை எல்லோரும் படிக்க வேண்டும். பாலம் கட்டுகிறவர்கள் நீர் நுழையும் பக்கத்தில் அழகாகச் சுவர் எழுப்பிவிட்டு, வெளியேறும் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அகன்று வந்த நீர் குழாய்க்குள் ஒடுங்கி வேகம் கூடி, மறுமுனையில் செம்மண்ணின் மேல் விழுகிறது. குழி அங்கே தொடங்கி மேல்நோக்கி ஏறி, ஒவ்வொரு குழாயாகக் கழற்றுகிறது. என் சொந்த நிலத்திலேயே இது நடந்தது. குழாயை ஓடையின் தரையைவிட ஓரடி உயர்த்தி வைத்திருந்தேன். இரண்டாவது ஐப்பசியில் கடைசிக் குழாய் முப்பதடி தள்ளிக் கிடந்தது. அன்றிலிருந்து எந்த ஓடைக்குப் போனாலும் கீழ்ப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நீங்கள் குழியை மண்ணால் நிரப்பாதீர்கள். தொங்கும் குழாயின் அடியில் குழியின் தரைக்கும் கீழே இரண்டடி இறங்குமாறு சைஸ் கல்லால் ஒரு சுவர் கட்டுங்கள். குழிக்குள் ஒரு ஆள் தூக்க முடியாத கற்களை, பெரியதும் சிறியதும் கலந்து இறுக்கமாக அடுக்குங்கள். குழி இருக்கட்டும், அது நீரின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். சுவர்தான் அது மேலே ஏறாமல் தடுக்கும்.

மத்தூரிலிருந்து: இரண்டடிக் குழாய் போதுமா ஐயா?

எந்த ஓடைக்கு? அளவு இல்லாத கேள்விகளுக்கு இனி நான் பதில் எழுதப் போவதில்லை. தவறான அளவைச் சொல்லி உங்கள் பணம் வெள்ளத்தில் போவதை நான் விரும்பவில்லை.

அரூரிலிருந்து: எங்கள் பாட்டனார் போட்ட கல் பலகைப் பாலம் இன்றும் நிற்கிறது. குழாய் அடைத்துக்கொள்ளும், கல் அடைக்காது. நீங்கள் ஏன் குழாயையே சொல்கிறீர்கள்?

அடைபடும் என்பது சரி. ஆனால் அந்தப் பலகை மாட்டுவண்டிக்காகப் போட்டது. பாரம் ஏற்றிய கட்டை வண்டி ஒரு டன்னைச் சுற்றி இருக்கும். கிராவல் ஏற்றிய டிராக்டரும் டிப்பரும் ஏழெட்டு டன் வரும். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பாரம் மேலே ஏறும்போது பலகையின் அடிப்பக்கம் இழுபடுகிறது. உள்ளே கம்பி இல்லாததால், வளைந்து எச்சரிக்காமல் ஒரே நொடியில் முறியும்.

அரூர் நண்பர் மீண்டும்: நடுவில் ஒரு கல்தூண் நிறுத்தினால்?

சக்கரம் தூணுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கும்போதுகூட, பலகையை முறிக்கும் விசை முன்பு இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் நடுத்தூண் சருகையும் கிளையையும் பிடித்து நிறுத்தும். அடைபடாது என்ற உங்கள் நல்ல காரணம் அங்கேயே போய்விடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, மாந்தோப்பு வைத்திருப்பவர்: இருவரும் பாலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆண்டில் பத்து நாள் ஓடும் பள்ளத்துக்குப் பாலம் எதற்கு? தரையிலேயே காங்கிரீட் போட்டு இறங்கி ஏறினால் என்ன?

நீங்கள் சொல்வதே சரி; இதை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கரை தாழ்ந்து, மழை விட்ட சில மணி நேரத்தில் வடியும் பள்ளத்துக்குத் தரைப்பாலமே மேல். உருண்டு வரும் பாறையும் கவாத்து செய்த மாங்கிளையும் அதன் மேலேயே போய்விடும். கரை நாலடிக்கு மேல் செங்குத்தாக இருந்தாலோ, நாள்தோறும் பால் வண்டி போக வேண்டியிருந்தாலோ மட்டும் குழாய்க்குப் போகலாம்.

ஓசூரிலிருந்து: ஓடை என் பட்டாவில் இருக்கிறதா, புறம்போக்கா என்று தெரியவில்லை.

வேலை தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம், நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதிய அ-பதிவேட்டையும், எல்லையை வரைந்த புலப்படத்தையும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

அரூர் நண்பர் மீண்டும்: தரைப்பாலம் என்றால் எப்படிப் போடுவது?

அரையடிக் கனத்தில் கம்பி வலை வைத்த காங்கிரீட், நடுப்பகுதி ஓரங்களைவிட அரையடி தாழ்வாக. மேல் ஓரத்தில் இரண்டடியும் கீழ் ஓரத்தில் மூன்றடியும் தரைக்குள் இறங்கும் சுவர்கள். கீழ்ப்பக்கச் சுவரைக் குறைக்கவே கூடாது, அதற்கு அப்பால் பெரிய கற்களையும் அடுக்க வேண்டும். இறங்கும் சரிவு எட்டடிக்கு ஓரடிக்கு மேல் இருந்தால் பாரத்தோடு டிராக்டர் ஏறத் திணறும். ஓரத்தில் ஒரு கல்தூணை நட்டு, ஓரடி உயரத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு நீருக்குள் மறைந்துவிட்டால், தக்காளி அழுகினாலும் வண்டி கரையிலேயே நிற்கட்டும்.