வாசகர் கேள்வி பதில்: பித்தளைக் கோதும் பெட்டியில் வைத்த சட்டையும்

கேள்வி: துப்பாக்கிச் சூட்டு வழக்கொன்றில் வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சந்தேக நபரின் கையிலிருந்து எடுத்த மாதிரியில், ஆண்டுகள் கழிந்த பின்னர் மரபணுவும் கிடைக்கலாம் என்று அறிந்தேன். துகளுக்காக எடுத்ததில் மரபணு எப்படி வந்தது?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: மாதிரி எடுக்கும் விதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவான அலுமினியத் தலையொன்றின்மேல் கரி கலந்த பசைப்படலம் இருக்கும். அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோலிலும் புறங்கையிலும் பலதரம் ஒற்றி எடுப்பார்கள். அவர்கள் தேடுவது, ரவையின் அடியில் ஊசி குத்துமிடத்திலுள்ள மருந்து வெடித்து ஆவியாகிக் குளிரும்போது உண்டாகும், ஈயமும் பேரியமும் அந்திமனியும் சேர்ந்த, பெரும்பாலும் சில மைக்ரோமீற்றர் அளவேயான உருண்டைகளை. பசைக்கோ துகள் எது, தோல் எது என்ற பேதம் தெரியாது. உதிர இருந்த தோற்கலங்களையும் அது கூடவே கொண்டுவந்துவிடுகிறது.

அந்தத் தலையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பதால் மாதிரி செலவாவதில்லை. வெற்றிடமும் இலத்திரன் கற்றையும் கலங்களிலுள்ள மரபணு முழுவதையும் அழித்துவிடுவதுமில்லை. முன்னைய முறை இப்படியன்று: உருக்கிய மெழுகைக் கையில் பூசி, ஆறியதும் உரித்து, அமிலக் கரைசல் விட்டு நீலம் தோன்றுகிறதா என்று பார்த்தார்கள். நைத்திரேற்று எங்கிருந்து வந்தாலும் அது நீலமாகும். உரம் போட்ட கையும் நீலமாகும், புகையிலை தொட்ட கையும் நீலமாகும். அந்தச் சோதனை இன்றும் இருந்திருந்தால் எங்கள் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர் எத்தனை பேர் தப்பியிருப்பார்களோ!

ஆனால், ஒருவரின் கையில் ஒற்றியதில் பெரும்பாலும் கிடைப்பது அவருடைய மரபணுதான் என்பதை மறக்கக் கூடாது. 'அது என் கையில் எடுத்த மாதிரியே அல்ல' என்று பின்னாளில் வாதம் எழும்போது அதற்குப் பயன் உண்டு. வாகன இருக்கையிலோ கைவிடப்பட்ட மேலங்கியிலோ ஒற்றிய மாதிரியானால், அதைப் பயன்படுத்தியவர் யார் என்ற கேள்விக்கே விடை கிடைக்கக்கூடும்.

கேள்வி: நிலத்தில் கிடக்கும் வெற்று ரவைக் கோதிலிருந்து சுட்டவரை அறியலாமா?
(வாசகி, கரவெட்டி)

பதில்: சுட்டவரை விட, ரவையைத் துப்பாக்கியின் ரவைக் கூட்டுக்குள் ஏற்றியவரையே கோது நன்றாக அறியும். வில்லின் எதிர்ப்பை மீறி ஒவ்வொரு ரவையையும் பெருவிரலால் அழுத்தித் தள்ளும்போது தோற்கலங்கள் பித்தளையில் படிகின்றன. அவை மிகச் சில. ஒரு கலத்திலுள்ள மரபணு ஏறத்தாழ 6 பிக்கோகிராம் மட்டுமே (ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). ஆய்வுகூடத்தில் அதை நொதியத்தின் உதவியுடன் மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்குவார்கள். கணக்குப்படி 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். ஆனால் இரட்டிப்பதற்கு முழுமையான துண்டு ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டுமே.

சூட்டின் வெப்பம் ஒரு கெடுதல்தான். எனினும் அது ஒரு கணத்தில் முடிந்துவிடும். பித்தளையிலுள்ள செப்போ கோது கிடக்கும் காலமெல்லாம் கெடுதல் செய்கிறது. வீட்டுக் குத்துவிளக்கை மாரிகாலத்தில் துலக்காமல் விட்டால் பச்சைக் களிம்பு பூக்கிறதல்லவா? அப்படி ஈரத்தில் கரைந்துவரும் செப்பு மரபணு இழைகளைத் துண்டாக்குவதோடு, இரட்டிப்பாக்கும் நொதியத்தையும் முடக்கிவிடுகிறது. ஆகவே இப்போது பல ஆய்வுகூடங்கள் ஈரப் பஞ்சால் துடைப்பதோடு நில்லாமல், செப்பைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.ரி.ஏ. போன்ற பொருள் சேர்த்த கரைசலில் கோதைச் சிறிது நேரம் ஊறவைக்கின்றன. பழப்புளி விளக்கின் களிம்பைக் கரைத்து எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை ஏறக்குறைய அதுதான். இவ்வளவு செய்தும் வெறுங்கையே மிஞ்சும் கோதுகள் பல.

கேள்வி: மரபணு பொருந்திவிட்டால் குற்றம் உறுதிதானே?
(வாசகர், கொக்குவில்)

பதில்: இல்லை. யாருடைய கலம் என்பதை மட்டுமே அது சொல்லும். எப்போது, எவ்வழியாக வந்தது என்பதைச் சொல்லாது. 2007 இல் ஜேர்மனியின் ஹைல்புரோன் நகரில் பெண் பொலிஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது வாகனத்தில் கிடைத்த மரபணு, ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 40 இடங்களில் அகப்பட்ட, பெயர் தெரியாத ஒரு பெண்ணினுடையதாக இருந்தது. ஈராண்டு தேடிய பின் 2009 இல் உண்மை தெரிந்தது: அந்த மரபணு, மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதிசெய்யும் தொழிலாளி ஒருவருடையது! குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் கிருமியைக் கொல்வதும் மரபணுவை அழிப்பதும் வெவ்வேறு வேலைகள். சுட்டவர்களோ வேறு: 2011 இல், கொலை நடந்த அன்று பறிக்கப்பட்ட பொலிஸ் கைத்துப்பாக்கிகள் தீவிர வலதுசாரிக் குழுவொன்றின் வாகனத்தில் அகப்பட்டன.

கேள்வி: சூடுபட்டு இறந்த என் தமையனின் சட்டையை அம்மா துவைக்காமல் இத்தனை வருடமும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. இனி அதனால் பயன் உண்டா?
(வாசகி, மானிப்பாய்)

பதில்: துவைக்காதது பெரிய காரியம். காய்ந்த இரத்தத்தில் மரபணு பல்லாண்டு நிலைக்கும். அது பெரும்பாலும் உங்கள் தமையனுடையதாகவே இருக்கும். துளையின் விளிம்பிலுள்ள புகைக்கறையும் துகளும் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதற்குச் சான்றாகலாம். யாராவது அவரைப் பிடித்து இழுத்திருந்தால், கழுத்துப்பட்டியிலோ கைப்பகுதியிலோ இழுத்தவரது தோற்கலங்கள் இன்னும் ஒட்டியிருக்கவும் கூடும்.

சட்டையை வெயிலில் போடாதீர்கள். வெயிலின் புறஊதாக் கதிர் மரபணுவைச் சிதைக்கும். பொலித்தீன் பையிலும் வைக்காதீர்கள். எங்கள் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். முகக்கவசமும் புதிய கையுறையும் அணிந்து, ஒரேயொரு தடவை எடுத்து, மடிப்புகளுக்கிடையே சுத்தமான கடதாசி வைத்துக் கடதாசிப் பையில் இடுங்கள். கறையைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கும்வரை பை திறக்கப்படாமல் இருக்கட்டும்.

அந்தச் சட்டையை இதுவரை யார் யார் தொட்டார்கள் என்பதை நினைவுள்ளபோதே எழுதி வையுங்கள். அம்மா அதை எடுத்து மடியில் வைத்திருந்த நாட்கள் பல இருக்கும். அவருடைய கலங்களும் அதில் கலந்திருக்கும் என்பதால், பிரித்தறிவதற்காக அவரும் நீங்களும் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மாதிரி கொடுக்க வேண்டிவரும் என்பதை இப்போதே அவருக்குச் சொல்லி வையுங்கள்.